வாத்தியார் எடுத்துக்கொடுத்த செட்டு

1

இந்தக் கதை பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூட அதிகம். முன் இருக்கையில் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஸ்பீக்கர் செட்டின் அட்டைப்பெட்டி. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டிருந்தார். பெரியவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"நீ படிச்சுப் பாத்துச் சொல்ற. நான் கேட்டுப் பாத்துச் சொல்றேன்."

அந்தப் பெண் அரியலூர் வரும்வரை பெட்டியின் மேல் கை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். பக்கத்தில் இருப்பவரிடம் ஜன்னலை மூடச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அதனால் மீதியை நானே இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அமிர்தசாமி வாத்தியாரின் காதுக்கு அரியலூர் வட்டாரத்தில் தனி மரியாதை இருந்தது." பரவாயில்லை. ஆனால் "இருந்தது" என்றதுமே இப்போது இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

"ஒலி என்பது ஊடகத்தில் பரவும் அழுத்த" இது பாடப்புத்தகம். பாதியில் விட்டுவிட்டேன்.

"ஏஞ்சல் மேரி பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு கடையில் ஸ்பீக்கர் விற்றுக்கொண்டிருந்தாள். தன் அப்பாவைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த"

இங்கும் நிறுத்திவிட்டேன். அவளுக்கு மட்டும்தான் தெரியுமா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் இந்த மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். நான்காவதாக ஒன்று யோசிக்கத் தெம்பில்லை.

(ஏஞ்சல் மேரி நான் இல்லை. நான் வேதியியல்.)

3

அமிர்தசாமி ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மனைவி மரிய புஷ்பத்தோடும் மகள் ஏஞ்சல் மேரியோடும் அரியலூரில் இருக்கிறார். சொந்தக்காரர்களோ கூட வேலை பார்த்தவர்களோ வீட்டுக்கு ஸ்பீக்கர் செட்டு வாங்கினால், கடைக்கு அவரையும் அழைத்துப் போவார்கள். நகை எடுக்கப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது போல இதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்கமாட்டார். "அதுல என்ன வேணா அச்சடிப்பான்." பாட்டுப் போடச் சொல்லமாட்டார். "பாட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். செய்தி போடுங்க." செய்தி ஓட ஆரம்பித்ததும் கடையை விட்டு இறங்கி ரோட்டோரம் போய், கடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். லாரி போகும், பஸ் போகும். அவ்வளவு இரைச்சலிலும் வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் தலையை ஆட்டுவார். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

இந்த முறையில் தப்பில்லை. மனிதக் குரலை ஒழுங்காகத் தரும் ஸ்பீக்கர் மற்றதையும் பெரும்பாலும் ஒழுங்காகவே தரும். ஏஞ்சல் மேரியும் இதை ஒப்புக்கொள்வாள்.

தப்பு காதில் வந்தது. வயதாக ஆகக் காது உச்ச ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டுவிடும். முதலில் கீச்சொலிகள். பிறகு ச, ஸ, ஷ என்று உரசி வரும் எழுத்துகள். மெதுவாக நடப்பதால், காதுக்குரியவர் காது போகிறது என்று நினைக்கமாட்டார். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். "இப்ப செய்தி வாசிக்கிற பிள்ளைங்க எழுத்த முழுங்குதுங்க" என்று அமிர்தசாமி சொல்ல ஆரம்பித்தார். எந்த ஸ்பீக்கர் அந்த எழுத்துகளை ஊசியாகக் குத்தி அனுப்புகிறதோ அதையே கடைகளில் தேர்ந்தெடுக்கவும் ஆரம்பித்தார்.

[முதல் பிரதியில் அவரைச் சிமென்ட் ஆலையில், கல் உடைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்திருந்தேன். காது போனதற்கு நல்ல காரணமாக இருந்தது. பிறகு அவரை அங்கிருந்து எடுத்துவிட்டேன். மனிதருக்கு வயதாகிறது. அதற்கு ஒரு எந்திரத்தைத் தேடிக்கொண்டு போவது எனக்கே அலுப்பாக இருந்தது.]

4

பெட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாத்தியார் அதை மதிக்காததில் நியாயம் இருக்கிறது.

பெட்டியின் முன்னால் பத்தாயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் சின்ன எழுத்தில், இது இழுக்கும் கரண்டு அறுபது வாட்ஸ் என்று இருக்கும். அறுபது உள்ளே போய்ப் பத்தாயிரமாக வெளியே வருமானால் ஊரில் மின்வெட்டே இருக்காது. இருபது ஹெர்ட்ஸ் முதல் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை, அதாவது கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை எல்லாம் வரும் என்றும் போட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வரும், எது அமுங்கிப் போகும் என்று போட்டிருக்கமாட்டார்கள். அதைச் சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. நான்கூட நூறு பேர் முன்னால் பேசுவேன் என்று எழுதிக்கொள்ளலாம். அவர்களில் யாருக்குக் கேட்கும் என்பதை எழுதாதவரை பொய்யில்லை.

ஆனால் காதும் அப்படியொன்றும் யோக்கியமில்லை. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றி வைத்தால், அதில் சத்தம் கூட என்று நமக்குத் தோன்றாது. அதுதான் நல்லது என்று தோன்றும். ஏஞ்சல் மேரி வேலை பார்க்கும் கடையின் முதலாளி மணிவண்ணன் இதை எங்கும் படித்ததில்லை, ஆனாலும் தெரிந்துவைத்திருந்தார். தேங்கிக் கிடக்கும் மாடலைப் போடும்போது அவர் கட்டைவிரல் ரிமோட்டில் இரண்டு புள்ளி தானாக ஏறும்.

ஏஞ்சல் மேரி அதைச் செய்யமாட்டாள். தன் சம்பளத்தில் அளவு பார்க்கும் மைக் ஒன்று வாங்கியிருந்தாள். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, லேப்டாப்பில் பார்த்து, இரண்டு செட்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டுத்தான் வாடிக்கையாளரைக் கேட்கச் சொல்வாள்.

"அத எடுத்தாலே கஸ்டமர் மூஞ்சி மாறிருதும்மா. ஈசிஜி எடுக்கப் போறாப்ல பாக்குறாங்க" என்பார் மணிவண்ணன்.

"சமமா வச்சாத்தான சார் எது நல்லதுன்னு தெரியும்."

"தெரிஞ்சுட்டா அப்பறம் நான் மத்தத யாருக்கு விக்கிறது?"

இப்படிச் சொல்வாரே தவிர அவளைத் தடுத்ததில்லை. அவள் விற்ற செட்டுகள் திரும்பி வரவில்லை. அவள் கூச்ச சுபாவம். ஆளை மடக்கிப் பேசி விற்கத் தெரியாது. அந்தக் கடையில் அவள் நிமிர்ந்து நிற்க முடிந்தது அந்த மைக்குக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

5

தா.பழூரில் வீரமுத்து என்று ஒரு விவசாயி. அமிர்தசாமியின் நெடுநாள் சிநேகிதர், ஏஞ்சல் மேரிக்கு மாமா முறை. அவர் வீட்டுக்கு வந்த புது டிவியோடு ஸ்பீக்கர் செட்டின் ஒயரைச் சேர்த்துக் கொடுப்பதற்காக அவள் போயிருந்தாள். அப்பா எடுத்துக்கொடுத்த செட்டுதான். இரண்டு ஸ்பீக்கரின் மேலும் ஈரிழைத் துண்டு இரண்டாக மடித்துத் தொங்கியது.

"என்ன மாமா, துண்டு?"

"தூசி பாப்பா. அறுப்பு நேரத்துல ஒரே புழுதி."

அது அறுப்பு நேரமில்லை. அவர் மனைவி செல்வம்மாள் காபியோடு வந்தவர், "பாப்பாகிட்ட எதுக்குப் பொய்யி" என்றார். "காது குத்துது பாப்பா. செய்தி கேட்டா சாயங்காலம் வரைக்கும் மண்டைக்குள்ளயே நிக்கிது. மொதல்ல நமக்குத்தான் கேக்கத் தெரியலன்னு நெனச்சோம். வாத்தியாரு எடுத்துக் குடுத்ததாச்சே."

"அப்பா வர்றப்ப?"

"ஆட்டோ வந்து நிக்கிற சத்தம் கேட்டா இவரு துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்குவாரு."

வீரமுத்து சிரித்தார். "வந்த மனுசனுக்கு மரியாத குடுத்தாப்பலயும் ஆச்சுல்ல."

ஏஞ்சல் மேரி சிரிக்கவில்லை. அதற்கு முந்தின மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது ஸ்பீக்கரின் மேல் பழைய தாவணி போட்டிருந்தது அவள் நினைவுக்கு வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த இன்னொரு வாத்தியார் வீட்டில் தலையணை உறை மாட்டியிருந்தது. அழகுக்காக என்று அப்போது நினைத்திருந்தாள். துணி கீச்சொலியை உறிஞ்சிக்கொள்ளும். கனத்த ஒலி அதைத் தாண்டி வந்துவிடும். இது அவள் படித்த பாடம்.

அப்பாவின் காதைப் பற்றி அவளுக்கு முன்பே சந்தேகம் உண்டு. அவர் தேர்ந்தெடுத்த செட்டுகள் கடையில் இருந்தால் மைக் வைத்து அளப்பாள். லேப்டாப்பில் கோடு, கீச்சொலியைக் காட்டும் வலது ஓரத்தில், வருஷா வருஷம் மேலே ஏறியது. அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் லேப்டாப் இல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"ஒங்கப்பா செய்தி போட்டா நான் கொல்லப்பக்கம் போயிருவேன்" என்றார் மரிய புஷ்பம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"சொல்லக் கூடாதாம்மா அவர்ட்ட?"

"என்னன்னு சொல்லுவ? ரிட்டயர் ஆனதுலேர்ந்து அவர ஒரு ஆளுன்னு வந்து கூப்புடுறது இது ஒண்ணுக்குத்தான். கூப்புட்டாங்கன்னா முந்தின நாளே சட்டைய இஸ்திரி போட்டு வச்சிக்கிறாரு. அதப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வரல. ஒனக்கு வந்தா நீ சொல்லு."

அவளுக்கும் வரவில்லை.

[இந்தப் பகுதியோடு கதையை முடித்திருக்கலாம். துண்டு, தாவணி, தலையணை உறை. படிப்பவர் லேசாகச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். வீரமுத்துவுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று எழுதியபோதுதான் தப்புச் செய்தேன்.]

6

வீரமுத்துவின் மகள் மலர்கொடிக்கு வேப்பந்தட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. சீர்வரிசையில் ஒரு ஸ்பீக்கர் செட்டும் உண்டு. வீரமுத்து ஏஞ்சல் மேரிக்கு போன் செய்தார்.

"பாப்பா, செவ்வாக்கெழம அப்பாவ கூட்டிக்கிட்டு ஒங்க கடைக்கு வரேன்."

"வாங்க மாமா."

"அப்பா இல்லாம வந்தா, எல்லாத்துக்கும் கூப்புட்ட ஆளு இதுக்குக் கூப்புடலன்னு ஆயிரும். அவரு தாங்கமாட்டாரு. ஆனா அவரு எடுக்குறத மலரு போற வூட்டுக்கு அனுப்ப முடியாது. எங்க வூட்டுலன்னா துண்டு போட்டுக்குவோம். அங்க சம்பந்தியம்மா ஒரு மாதிரி. ‘ஒங்கப்பா வாங்கிக் குடுத்த லட்சணத்தப் பாரு’ன்னு புள்ளையச் சொல்லும்."

"நான் என்ன மாமா பண்றது?"

"ஒங்க மொதலாளி கொஞ்சம் ஏத்திப் போட்டு ஆள மடக்குவாராமே. அந்த மாதிரி நீ நல்ல செட்ட ஏத்திப் போடு. அவரே அதான்னு சொல்லிருவாரு. அவரு மரியாத அவருக்கு, எம் புள்ள பொழப்பு எம் புள்ளைக்கு."

"அது தப்பு மாமா."

"தப்புத்தான். இல்லன்னா ஒண்ணு பண்ணு. நீயே அவர்ட்ட விசயத்தச் சொல்லிரு."

  போனில் அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

7

செவ்வாய்க்கிழமை அமிர்தசாமியும் வீரமுத்துவும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அமிர்தசாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

"வாங்க வாத்தியாரே. ஒங்க ஸ்டூடண்டு எல்லாம் ரெடியா வச்சிருக்கு" என்றார் மணிவண்ணன்.

"எங்க எங்கிட்டப் படிச்சுது? எங்கிட்டப் படிச்சிருந்தா இந்த மைக்கெல்லாம் எதுக்கு?"

"அதச் சொல்லுங்க. காதுன்னு ஒண்ணு கர்த்தர் எதுக்குக் குடுத்தாருன்னு கேளுங்க."

"கர்த்தர் ரெண்டு குடுத்தாரு. ஒங்க கடையில ஏமாறக் கூடாதுன்னு."

வீரமுத்து மட்டும் சத்தமாகச் சிரித்தார். தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்.

விலையில் பொருந்தி வந்தவை இரண்டு செட்டுகள். ஒன்று நிதானமானது. மற்றது குத்துவது. ஏஞ்சல் மேரி காலையிலேயே இரண்டையும் அளந்து சமமாக்கி வைத்திருந்தாள். ரிமோட் அவள் கையில் இருந்தது. அப்பா ரோட்டோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். கழுத்துக்குப் பின்னால் முடி நரைத்துக் குறைந்திருந்தது. வீட்டில் அவரை அவள் பின்னாலிருந்து பார்த்ததில்லை.

"போடு" என்றார், திரும்பாமல்.

8

இந்த இடத்திலிருந்து நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. அவள் எதையும் ஏற்றவில்லை. அவர் குத்துவதையே எடுத்தார். செட்டு வேப்பந்தட்டைக்குப் போனது. சம்பந்தியம்மா சொல்ல வேண்டியதைச் சொன்னார். வீரமுத்து கடையைத் திட்டினார், வாத்தியாரைத் திட்டவில்லை. அடுத்த முறை யாரும் வாத்தியாரைக் கூப்பிடவில்லை. அவர் ஏன் என்று கேட்கவுமில்லை. சட்டை மட்டும் பெட்டியில் (இதை முடிக்கவில்லை. நன்றாக வந்திருக்கும். அதனால்தான் முடிக்கவில்லை.)

ஆ. அவள் இரண்டு புள்ளி ஏற்றினாள். அவர் நிதானமானதை எடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே ஏற்றுவதற்கு ஒரு விரல் வேண்டும். அவள் எத்தனை கடைக்குப் போவாள்? மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி உறையில் போடும்போது அவளுக்குக் கை கூசியிருக்கும். இதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இ. அவள் ரோட்டுக்கு இறங்கிப் போய், "அப்பா, ஒங்க காதுல" என்றாள். இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக முடிக்கப் பார்த்தேன். மருத்துவமாக, அன்பாக, விளையாட்டாக. எப்படி எழுதினாலும் நடுவில் ஒரு லாரி வந்துவிடுகிறது. ஏஞ்சல் மேரி துணிச்சலான பெண் என்று ஒரு பிரதியில் எழுதினேன். அவளே நம்பவில்லை.

மூன்றையும் படித்துவிட்டுச் சில நாள் எழுதாமல் இருந்தேன். காதைக் கொண்டு கேட்பதா, அளந்து பார்ப்பதா என்று எழுதத் தொடங்கிய கதை இது. அளந்து பார்த்ததில் தெரிந்ததை ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

9

பிறகு இது வந்தது. நான் திட்டமிட்டதில்லை.

அவள் எதையும் ஏற்றாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அமிர்தசாமி வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். பிறகு தலையை ஆட்டாமல் கடைக்குள் வந்தார்.

"எது வாத்தியாரே?" என்றார் வீரமுத்து.

அமிர்தசாமி மகளிடம் கை நீட்டினார்.

"ஏஞ்சலு, ரிமோட்டக் குடு. நீ போயி நில்லு. நான் போடுறேன்."

"நானாப்பா?"

"முட்டி வலிக்குது. ஏறி எறங்க முடியல."

கடைக்கு ஒரே ஒரு படி.

மணிவண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீரமுத்து அவர் முழங்கையைப் பிடித்தார். ஏஞ்சல் மேரி ரிமோட்டைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ரோட்டோரம், அப்பா நின்ற இடத்திலேயே போய், கடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இதுவரை அவள் அங்கே நின்றதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று தூசியோடு போனது. கண்ணை மூடிக்கொண்டாள்.

செய்தி ஆரம்பித்தது. மழை அறிவிப்பு. சொற்கள் லாரியின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வந்தன. பிறகு ஒரு இடைவெளி. மறுபடி அதே மழை அறிவிப்பு. இப்போது ஒவ்வொரு ச-வும் பிடரியில் குத்தியது. மைக் வேண்டியிருக்கவில்லை. எது எது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"மொதலா, ரெண்டாவதா?" பின்னாலிருந்து அப்பாவின் குரல். பள்ளிக்கூடக் குரல், ரோடு முழுக்கக் கேட்டது. "சட்டுன்னு சொல்லு. யோசிக்காத."

10

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமிர்தசாமி தன் முடிவை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் மகள் எதைச் சொன்னாலும் "நானும் அதத்தான் நெனச்சேன்" என்று அவரால் சொல்லிவிட முடியும். தெரிந்தேதான் அப்படி ஒரு இடம் விட்டு வைத்தாரா, அல்லது நிஜமாகவே முட்டி வலிதானா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் குத்துவதைத்தான் மனதில் வைத்திருந்தார் என்றால், அவள் மற்றதைச் சொன்ன நிமிஷம் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். தன் காது போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் அவளை வெளியே அனுப்பினார் என்றால், குத்துவதை அவள் சொல்வது அவருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. வேப்பந்தட்டைக்குப் போகப்போகும் மலர்கொடி வேறு காத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் அவளை அந்த ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு வந்து பல நாளாகிறது. எனக்கு முடியவில்லை. நீங்கள் போய் அவள் இடத்தில் நில்லுங்கள். ஒரே ஒரு சொல்தான். மொதல் அல்லது ரெண்டாவது.

ஒன்று மட்டும். எதைச் சொன்னாலும் திரும்பாமல் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு முறையும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.